60 பவுண்டு விங், ஒற்றை சிலிண்டர்: தரங்கம்பாடிக் கடலில் ஒரு வேகமான மேலேற்றம்

விசைப்படகு ஒன்றின் கயிறு அறுந்து அடியில் தங்கிவிட்ட நங்கூரத்தை எடுக்கத்தான் அவர் இறங்கினார். தரங்கம்பாடிக்கு வடக்கே, கரை கண்ணில் படும் தொலைவு. ஆழம் 18 மீட்டர். கலங்கல் அதிகமில்லை, நீரோட்டமும் மெதுவாகவே இருந்தது. மேலே பைபர் படகில் அவருடைய மாமா காத்திருந்தார். நங்கூரம் தண்ணீருக்குள் சுமார் 10 கிலோ கனம். டைவர் அதை இடக்கையில் பிடித்துக்கொண்டு, முதுகில் கட்டிய விங் என்ற காற்றுப்பையில் காற்றை நிரப்பி, அதன் மிதப்பாலேயே நங்கூரத்தோடு மேலேறத் தொடங்கினார்.

12 மீட்டரில் நங்கூரம் கைநழுவியது.

அதன்பின் நடந்ததை அவருடைய டைவ் கம்ப்யூட்டர் பதிவு செய்திருக்கிறது. 12 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வர 25 விநாடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 29 மீட்டர் வேகம். பல பயிற்சி அமைப்புகள் சொல்லித்தரும் வரம்பு நிமிடத்துக்கு 9 மீட்டர்தான். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கவே இல்லை. இடுப்புக்கு அருகிலுள்ள, விங்கின் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வின் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்ததாகவும், காற்று வெளியேறவில்லை என்றும் சொன்னார். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வந்ததால் நுரையீரல் தப்பியது. கரைக்குக் கொண்டுவந்து ஆக்சிஜன் கொடுத்து ஒரு நாள் முழுக்கக் கண்காணித்தார்கள். வேகமாக மேலேறுபவர்களுக்கு வரக்கூடிய மூட்டுவலி, மரத்துப்போதல் எதுவும் வரவில்லை.

அவர் அனுமதி தந்ததால் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். முப்பதுகளில் இருக்கும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. முறையாக ஸ்கூபா படித்தவர். கடலில் வலை, நங்கூரம் எடுப்பார். ஆற்றில் மோட்டார் விழுந்தாலும், ஆள் மூழ்கிவிட்டாலும் கொள்ளிடக் கரையிலிருந்து அவருக்குத்தான் போன் வரும். இப்படிக் கடலிலும் ஆற்றிலும் மாறி மாறி இறங்குவதுதான் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளும் சாவி.

விங் எவ்வளவு பெரியது, ஏன்

விங் என்பது முதுகுத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பொருந்தும் காற்றுப்பை. சட்டை மாதிரி அணியும் ஜாக்கெட் வகையில் காற்று நெஞ்சையும் இடுப்பையும் சுற்றி நிற்கும். விங்கில் எல்லாக் காற்றும் முதுகுப் பக்கமே இருக்கும். தண்ணீருக்குள் குப்புறப் படுத்த நிலையில் நீந்த அது வசதி. அதன் அளவை பவுண்டிலோ கிலோவிலோ போட்டிருப்பார்கள். முழுதாக நிரப்பினால் அது தரும் அதிகபட்ச மிதப்பு அது. 2.2-ஆல் வகுத்தால் பவுண்டு கிலோவாகிவிடும். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

இவர் கட்டியிருந்தது 60 பவுண்டு, அதாவது 27 கிலோ தூக்கும் குதிரைலாட வடிவ விங். இரட்டை சிலிண்டர் கட்டுபவர்களுக்காகச் செய்தது. இவரோ 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஒன்றே ஒன்றைத்தான் கட்டுகிறார். பழையதாக வாங்கியது. விற்றவர், "பெருசா இருந்தா நல்லதுதானே, எவ்வளவு கனத்தையும் தூக்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்.

அந்தப் பேச்சை மட்டும் நம்பி அவர் வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே, அதுக்கு முன்னாடி கூட்டாளிகிட்ட 30 பவுண்டு விங்கு வாங்கிக் கொள்ளிடத்துல கட்டிப் பாத்தேன். முழுசா ஊதியும் தாடை வரைக்கும்தான் வெளிய நின்னுச்சு. வாயில தண்ணி அடிக்குது. அதான் பெருசா எடுத்தேன்."

"இடுப்புல எவ்வளவு ஈயம் கட்டியிருந்தீங்க தம்பி?"

"எப்பவும் போல ஆறு கிலோதான்."

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் இந்த ஆறு கிலோ எங்கிருந்து வந்தது என்று தேடினோம். பயிற்சிக் காலத்தில் அவர் போட்டது 5 மி.மீ. வெட்சூட் (காற்றுக் குமிழிகள் அடைத்த, மிதக்கும் ரப்பர் உடுப்பு), வாடகை ஜாக்கெட். இரும்புத் தகடு கிடையாது. அந்த உடுப்புக்கும் அந்தக் கடலுக்கும் 6 கிலோ சரியான எடை. பின்னர் உடுப்பு 3 மி.மீ. ஆனது, முதுகில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஏறியது, தண்ணீர் உப்பிலிருந்து நன்னீராகவும் மாறியது. ஈயம் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. தேவையில்லாத ஈயத்தைத் தூக்கப் பெரிய விங் வாங்கினார். பெரிய விங் வந்தபின் அந்த ஈயம் உறுத்தவே இல்லை. ஒரு பிழையை இன்னொன்று மறைத்துக்கொண்டே போனது. விங் அளவைப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்: ஈயத்தைச் சரிசெய்யாமல் விங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்த 25 விநாடியில் நடந்தது

18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். 12 மீட்டரில் 2.2. நங்கூரத்தின் 10 கிலோ, மிகையான ஈயம் 5 கிலோ (பிறகு சோதித்துக் கண்டது), சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றின் கனம், ஆழத்தில் நசுங்கிய உடுப்பு இழந்த மிதப்பு எல்லாம் சேர்த்தால், நங்கூரம் நழுவிய நேரத்தில் விங்கில் சுமார் 16 லிட்டர் காற்று இருந்திருக்க வேண்டும். நழுவியதும் 10 கிலோ விசை ஒரே நொடியில் மேல்நோக்கித் திரும்புகிறது. அதோடு நிற்காது. மேலேற ஏற அழுத்தம் குறைந்து காற்று விரியும். 12 மீட்டரில் 16 லிட்டராக இருந்தது மேற்பரப்பில் 35 லிட்டராகப் பார்க்கும். விங்கின் கொள்ளளவு 27 என்பதால், மூன்று மீட்டர் ஆழத்துக்கு வரும்வரை அது தாராளமாக இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகுதான் மிகையழுத்த வால்வு தானாகத் திறக்கும். அந்த இடத்தில் அவரை மேலே தள்ளிய நிகர விசை 20 கிலோவை ஒட்டி இருந்திருக்கும்.

விங்கின் கொள்ளளவு இங்கே ஓர் எல்லைக்கோடு. 30 பவுண்டு விங்கில் 13.6 லிட்டருக்கு மேல் நிற்காது, மீதி வால்வு வழியே போய்விடும். விங்குக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் உப்பு அடைத்து மாட்டிக்கொண்டு தானாகக் காற்று ஏறினாலும் இதே கதைதான். பெரிய பை என்றால் எதிர்த்துப் போராட வேண்டிய விசையும் பெரிது. "பெரிதென்றால் பாதுகாப்பு" என்ற எண்ணம் மேற்பரப்பில் மிதக்கும்போது மட்டும்தான் உண்மைபோலத் தெரியும்.

வால்வுக் கயிறு ஏன் வேலை செய்யவில்லை? வால்வைக் கழற்றிப் பார்த்தோம், பழுது எதுவும் இல்லை. பை அகலம், சிலிண்டர் ஒன்று. இரட்டை சிலிண்டரின் இருபுறமும் படிய வேண்டிய பை, ஒற்றை சிலிண்டரைச் சுற்றி வாழையிலையை மடித்தாற்போல் எழுந்து மூடிக்கொள்கிறது. மடிப்புக்குள் காற்று சிறைப்படும். இடக்கையில் 10 கிலோ தொங்கியதால் அவர் உடல் இடப்பக்கம் சரிந்து வலத்தோள் உயர்ந்திருந்தது. காற்று எப்போதும் உயரமான இடத்துக்கே போகும். அது மொத்தமும் விங்கின் வலப்புறக் கிளையில் தேங்கியது. டம்ப் வால்வு இருப்பதோ இடப்புற அடியில். குதிரைலாட வடிவத்தில் கீழ்முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று சேராது, அதனால் அந்தக் காற்று வால்வுக்கு வர வழியே இல்லை. வளைய வடிவ விங்கில் காற்று சுற்றிவர ஒரு வழியாவது உண்டு. நிமிர்ந்து நின்று இடத்தோளிலுள்ள இன்ஃப்ளேட்டர் குழாயை உயர்த்திப் பிடித்துத் திறந்திருந்தால் கொஞ்சம் வெளியேறியிருக்கும். 25 விநாடிக்குள் அதை நினைவுபடுத்திச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சரியான அளவு விங் இருந்திருந்தால் இந்தச் சம்பவமே நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஈயத்தைக் குறைத்துக்கொண்டால் 30 பவுண்டு விங்காலும் அந்த நங்கூரத்தைத் தூக்க முடியும், கைநழுவினால் அதிலும் மேலே பறக்க வேண்டியதுதான். விசை குறைவாக இருக்கும், அவ்வளவே. விங் டைவரைத் தூக்கத்தான், பொருளைத் தூக்க அல்ல. பொருளுக்கு லிஃப்ட் பேக் இருக்கிறது. கயிற்றில் கட்டி, தனியாகக் காற்றூதி, விலகி நின்று அனுப்ப வேண்டும். அல்லது மாமா படகிலிருந்து கயிறு விட்டு இழுத்திருக்கலாம், பத்து கிலோ ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் 27 கிலோ தூக்கும் பை முதுகில் இருக்கும்போது அதைப் பாரம் தூக்கவும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. அளவு பழக்கத்தையும் மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

போர்செட் தொட்டியில் எடை போட்டது

கணக்கை ஏட்டில் போடுவதைவிடத் தண்ணீரில் போடுவது நல்லது. மாமா மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டுவந்தார். வயல் நடுவே போர்செட் தொட்டி. தொட்டிக்கு மேல் ஒரு மூங்கில், அதில் தராசு, அதன் கொக்கியில் ஒவ்வொரு பொருளாகத் தண்ணீருக்குள் முழுக முழுக.

முழுதாக நிரப்பிய சிலிண்டர் தொட்டியில் 1.1 கிலோ காட்டியது. கடல்நீர் நன்னீரைவிட லிட்டருக்கு 25 கிராம் கனம் என்பதால் கடலில் அது 0.7 ஆகிவிடும். அதே சிலிண்டர் காலியானால் கடலில் 1.9 கிலோ மிதக்கும். வித்தியாசமான 2.6 கிலோதான் உள்ளே அடைத்த காற்றின் கனம். காற்றுக்கு இவ்வளவு கனமா என்று மாமா நம்பவில்லை. 207 பாரில் 11.1 லிட்டர் என்றால் வெளிக்காற்றில் சுமார் 2,300 லிட்டர், ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிராமுக்குச் சற்று மேல். அழுத்தம் கூடக்கூடக் காற்று கணக்குப்படி முழுதாக நெருங்காது என்பதால் உண்மையில் கொஞ்சம் குறைந்து அந்த 2.6-இல் வந்து நிற்கிறது.

எஃகுத் தகடும் வார்களும் தண்ணீருக்குள் 2.6 கிலோ. மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் 1 கிலோ. 3 மி.மீ. உடுப்பை நீரில் நன்கு கசக்கிக் காற்றுக் குமிழிகளைப் போக்கி, வலைப்பையில் ஈயத்தோடு சேர்த்து அமிழ்த்திப் பார்த்ததில் 2.5 கிலோ மிதப்பு. பிறகு கடலில் ஒரு சோதனை: சிலிண்டரில் 50 பார் மிச்சம், 5 மீட்டர் ஆழம், விங் காலி. அந்த நிலையில் ஏறாமலும் இறங்காமலும் நிற்க அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கிலோ ஈயம். இத்தனை நாளும் ஐந்து கிலோவைச் சும்மா சுமந்திருக்கிறார்.

கடலுக்கு ஒரு கணக்கு, கொள்ளிடத்துக்கு ஒரு கணக்கு

விங் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். மூன்றில் எது அதிகம் கேட்கிறதோ, அதுவே அளவைத் தீர்மானிக்கும்.

ஒன்று, கழற்றிய கருவித் தொகுதி தனியாக மிதக்க வேண்டும். பைபர் படகில் ஏறும் நம் ஆட்கள் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் கழற்றி மேலே கொடுத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். மாமா கை நீட்டுவதற்குள் அது மூழ்கிவிடக் கூடாது. சிலிண்டர், ரெகுலேட்டர், தகடு சேர்த்து 4.3 கிலோ.

இரண்டு, அடியில் நிறைசிலிண்டரின் காற்றுக் கனத்தையும், நசுங்கிய உடுப்பு இழந்ததையும் ஈடுகட்ட வேண்டும். உடுப்பு முழு மிதப்பையும் இழந்ததாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பு: 2.6-உம் 2.5-உம் சேர்ந்து 5.1. நம் கடலில் இந்தக் கணக்கைத் தாண்ட வாய்ப்பு குறைவு. 1991-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் பூம்புகாருக்கு எதிரே குதிரைலாட வடிவக் கட்டுமானத்தைப் பார்த்த இடம் 23 மீட்டர். 1791, 1792 என்று பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்த கப்பல் சிதைவு 19 மீட்டர். அந்த ஆழங்களில் உடுப்பின் குமிழிகள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், ஆனால் முற்றிலும் மறையாது.

மூன்று, இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் தலை நீருக்கு மேலே நிற்க வேண்டும். தலையையும் கழுத்தையும் வெளியே நிறுத்த 4 முதல் 5 கிலோ. கடலில், நிறைசிலிண்டரோடும் ஒரு கிலோ ஈயத்தோடும் அவர் 1.3 கிலோ கனம். ஆக 6 கிலோவுக்குச் சற்று மேல்.

கடலுக்கு மட்டும் என்றால் 18 பவுண்டு, அதாவது 8.2 கிலோ விங்கே போதும். வெப்பக் கடலில் ஒற்றை அலுமினிய சிலிண்டருக்கு அந்தச் சிறிய விங்கைப் பரிந்துரைப்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கொள்ளிடத்தில் இறங்குவதில்லை.

ஆற்றில் அவர் வெட்சூட் போடுவதில்லை, டிஷர்ட் மட்டும். 2.5 கிலோ மிதப்பு போயிற்று. நன்னீரில் அவரும் கருவிகளும் சேர்ந்து இடம்பெயர்க்கும் 88 லிட்டருக்கு இன்னொரு 2.2 கிலோ போயிற்று. ஈயத்தை முழுக்கக் கழற்றினாலும் 5 கிலோ கனமாகவே ஆற்றில் இறங்குகிறார். தலைக்கு 5 சேர்த்தால் 10. இங்கே 18 பவுண்டு விங் அவரைத் தாங்காது. 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ, தாங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. 30 பவுண்டு பொருந்துகிறது.

அன்று கொள்ளிடத்தில் அதே 30 பவுண்டு தாடைவரைதான் தூக்கியது ஏன் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். இந்த 5 கிலோவோடு இடுப்பு ஈயம் ஆறு. 11 கிலோ போக விங்கில் மிஞ்சியது இரண்டரை கிலோ. தலை எப்படி நிற்கும்? விங் தோற்கவில்லை, பெல்ட்டைக் கழற்றியிருந்தால் தோள்வரை மிதந்திருப்பார்.

பழையாறு முகத்துவாரம் போன்ற இடங்களில் இரண்டுக்கும் நடுவான தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோரக் கடலின் மேல்மட்டமே உப்புக் குறைந்து கிடக்கும். எந்தக் கணக்கையும் நன்னீர்ப் பக்கமாகவே சாய்த்துப் போடுவது நல்லது.

மாற்றியவை

எஃகுத் தகட்டை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போடச் சொன்னேன். அவர் எதிர்பார்க்காத யோசனை இது. விங்கை மாற்ற வந்தவரிடம் ஏன் தகட்டைப் பற்றிப் பேச வேண்டும்? தண்ணீருக்குள் எஃகைவிட அலுமினியத் தகடு 1.8 கிலோ லேசு. அதற்கு ஈடாகக் கடலில் ஈயத்தை ஏறத்தாழ மூன்று கிலோவாக்கிக்கொள்ளலாம். மொத்தக் கனம் மாறாது, ஆனால் முதுகில் திருகிய எஃகை ஆபத்தில் கழற்ற முடியாது, இடுப்பில் கட்டிய ஈயத்தை ஒரே இழுப்பில் உதறிவிடலாம். ஆற்றுக்கு ஈயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டால் 5 கிலோ கனம் 3.2 ஆகிறது. 30 பவுண்டு விங்குக்கு அங்கேயும் தாராளமாக மிச்சம் உண்டு. விங்கைப் பெரிதாக்குவதற்கு முன் பாரத்தைக் குறைக்கும் வழி எப்போதும் இருக்கிறதா என்று பார்ப்பதையே நான் விரும்புகிறேன்.

வளைய வடிவ 30 பவுண்டு விங், ஒற்றை சிலிண்டருக்கென்றே குறுகலாகத் தைத்தது. கட்டியபின் போர்செட் தொட்டியிலும் பிறகு கடலிலும் பார்த்தோம். முழுதாக ஊதினாலும் சிலிண்டர் மேல் ஏறி மடியவில்லை. இடம், வலம், தலைகீழ் என்று சாய்த்துக் காற்றை வெளியேற்றிப் பார்த்ததில் எல்லா நிலையிலும் போய்விட்டது. நங்கூர வேலைக்கு லிஃப்ட் பேக்கும், படகிலிருந்து கயிறும். கயிறு பிடிக்கும் கை மாமாவுடையது. இன்ஃப்ளேட்டர் பொத்தானை ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவ வேண்டும், மாட்டிக்கொண்டால் அதற்குக் காற்று தரும் குழாயைப் பிடுங்கிவிடும் பயிற்சியை இறங்குமுன் ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும்.

"மாப்ள, இவ்வளவு சின்னதா இருக்கே, தாங்குமா?" என்று மாமா கேட்டார்.

"தராசுல நீங்கதானே மாமா நிறுத்தீங்க" என்றார் அவர்.

இப்போது 12 லிட்டர் எஃகு சிலிண்டர் ஒன்றை வாங்க நினைக்கிறார், அடியில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பதற்காக. 232 பாரில் அதிலுள்ள காற்றே 3.3 கிலோ. பல எஃகு சிலிண்டர்கள் காலியானபின்னும் ஒரு கிலோவுக்கு மேல் மூழ்கும், நிறைந்திருந்தால் நான்கரை கிலோ அளவுக்குக் கனக்கும். கடலில் உடுப்போடு, அலுமினியத் தகட்டோடு, ஈயமே இல்லாமல் அது சரிவரும், அதே 30 பவுண்டு விங் போதும். ஆற்றில் உடுப்பில்லாமல் கட்டினால் 7 கிலோ கனம், தலைக்கு 5, ஆக 12. 13.6-க்குள் அடங்குகிறது என்றாலும் அவசரத்தில் உதறுவதற்கு ஒரு கிராம் ஈயம்கூட இடுப்பில் இருக்காது. விங்கில் ஓட்டை விழுந்தால் அந்த 7 கிலோவையும் அவர் கால்தான் உதைத்துத் தூக்க வேண்டும். எஃகு சிலிண்டர் கடலுக்கு மட்டும், கொள்ளிடத்துக்கு அலுமினியமே என்று முடிவாகியிருக்கிறது. சிலிண்டர் கைக்கு வந்ததும் தராசை மறுபடி மூங்கிலில் கட்டி நிறுத்துப் பார்ப்போம். தயாரிப்புக்குத் தயாரிப்பு கனம் மாறும் என்பதால் மேலே சொன்ன நான்கரையை அதுவரை உத்தேசமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.